முதுகு மட்டுமுள்ள புத்தகங்கள்

மரம் அறுக்கிற சத்தம் என்றுதான் மணியன் முதலில் நினைத்தார். குடிபுகும் நாளுக்கு இன்னும் ஐந்தே நாள். எந்தப் பலகையாவது அளவு மிஞ்சியிருக்கும், அறுக்கட்டும் என்று புது வீட்டுக்குள் நுழைந்தார். மாடிப்படிக்கு அடியில், கிழக்குச் சன்னல் ஓரத்தில், சேலத்திலிருந்து வந்த அலங்கார வேலைக்காரர் மாதேஷ் முகத்தில் துணி கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். டைல்ஸ் வெட்டுகிற மெஷின் அவர் கையில் ஊளையிட்டது. அவர் அறுத்துக்கொண்டிருந்தது பலகையை அல்ல. புத்தகத்தை.

ஒரு தடித்த புத்தகத்தை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தார். முதுகுள்ள பக்கம் நான்கு விரற்கடைத் துண்டாக ஒரு புறம் விழுந்தது. மீதி, எழுத்தெல்லாம் பாதியில் அறுபட்ட தாள்கட்டாக, குப்பைச் சாக்கில் விழுந்தது. காகிதத் தூள் தரையெல்லாம் தவிடு மாதிரி படர்ந்திருந்தது.

"ஏப்பா, என்ன பண்ணீட்டிருக்கற?"

மாதேஷ் மெஷினை நிறுத்தினார். "அலமாரி ஆழம் பத்தலைங்க ஐயா. நாலு அங்குலம்தான் குழி எடுத்திருக்காங்க. முழுசா வெச்சா வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். அதான் முதுகை மட்டும் அறுத்து வரிசையா ஒட்டிடறோம். எட்ட நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க."

"எட்ட நின்னு பாக்கறதுக்கா புஸ்தகம்? எப்படிப் படிக்கறது?"

மாதேஷ் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "படிக்கறதுக்கு வேணும்னா கீழ்த்தட்டுல ரெண்டு மூணு முழுசா வெச்சுக்கலாம்ங்க ஐயா."

மணியனுக்கு அருவருப்பாக இருந்தது. அவர் அப்படியொன்றும் படிக்கிறவர் அல்ல. ஆனால் எழுபத்தாறு வயதில் இல்லாததை இருப்பதாகக் காட்டி அவர் ஒரு காரியமும் செய்ததில்லை என்று நம்பியிருந்தார். புதுச்சத்திரத்துக்கு மேற்கே மேக்காட்டு வீடு என்றால் பேச்சு சுத்தம், கணக்கு சுத்தம், வாசல் சுத்தம் என்று நாலு ஊருக்குத் தெரியும். அந்த வீட்டுச் சுவரில் வயிறு அறுத்த புத்தகங்களின் முதுகுத்தோலை ஒட்டுகிறான் ஒருவன்.

படிக்கிற மூலை வேண்டும் என்றது மருமகள் வசந்தாமணி. கோயமுத்தூரில் தன் தங்கை வீட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கூரையிலிருந்து தொங்கும் பிரம்பு ஊஞ்சல், நாய்க்குட்டியின் வயிறு போல மெத்தென்ற வெள்ளை விரிப்பு, மஞ்சள் விளக்கு, தண்ணீர் கேட்காத பிளாஸ்டிக் செடி. இந்த வீட்டில் யார் படிக்கப்போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மகன் தீனதயாளன் படிப்பது காலையில் போனில் வரும் முட்டை விலை. வசந்தாமணி படிப்பது மற்றவர்கள் போட்ட கோலத்துக்கு வந்த பாராட்டு.

இத்தனை அருவருப்பிலும் மணியன் அந்த மூலையைச் சகித்துக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம் உண்டு. அதன் நடுவில், தனி விளக்கின் கீழ், ஒரு மரத்தாங்கியில் அவருடைய புத்தகம் இருக்கப்போகிறது.

அவர் எழுதிய ஒரே புத்தகம். 'மேக்காட்டு வீட்டு வரலாறு'. சிவப்பு ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான்கு வருஷத்துக்கு முன் பேரன் கல்யாணத்தில் முந்நூறு பிரதி அச்சிட்டு, உறம்பரையில் ஒவ்வொரு சொந்தக்காரர் பெயரையும் முதல் பக்கத்தில் தன் கையாலேயே மையால் எழுதித் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுத்தார். எழுதி முடிக்க நாற்பது நாள் ஆயிற்று. வருகிற வியாழக்கிழமை அதே உறம்பரை அத்தனை பேரும் இந்த வீட்டுக்கு வருவார்கள். அந்தத் தாங்கியின் முன் நிற்பார்கள். தன் காலத்துக்குப் பிறகும் அது அங்கேயே இருக்கும் என்கிற நினைப்பு அவருக்கு இனித்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மாதேஷ் அடுத்த புத்தகத்தை எடுக்கச் சாக்குக்குள் கையை விட்டார். வெளியே வந்தது சிவப்பு அட்டை. தங்க எழுத்து.

"அதக் குடு இங்க," என்றார் மணியன். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

முதல் பக்கத்தைத் திருப்பினார். 'மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு' என்று அவருடைய கையெழுத்து. சாக்கைக் கவிழ்த்தார். எலி மூத்திரமும் ஈரச் சணலும் கலந்த வீச்சம் மூக்கில் அடித்தது. கோழிப் பண்ணைக்காரருக்கு நாற்றம் புதிதல்ல; இது வேறு. பழைய பேப்பர் கடையிலிருந்து எடை போட்டு வாங்கிய குவியலில் இன்னொரு சிவப்பு. இன்னொன்று. ஒன்று தாம்பூலப் பையிலிருந்து வெளியே எடுக்கப்படாமலே இருந்தது. உள்ளே வைத்த வெற்றிலை கறுத்துப் பிசினாகி அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. மொத்தம் ஏழு. ஏற்கெனவே அறுத்து ஒட்டிய அதே தங்க எழுத்து முதுகுகள் நான்கு சுவரில் பளபளத்தன. பதினொன்று.

வசந்தாமணி சத்தம் கேட்டு வந்தாள். "ஏனுங்க மாமா, என்னாச்சுங்?"

"இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

"பேப்பர் கடையிலிருந்துங். செவப்பு அட்டையாப் பாத்து எடுங்கன்னு நாந்தான் சொன்னனுங். ஊஞ்சல்ல போடற செவப்பு மெத்தைக்குச் சேருமேன்னு." பிறகுதான் அவர் கையில் இருப்பது என்னவென்று பார்த்தாள். சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அதிர்ச்சியா, சிரிப்பை அடக்குவதா என்று மணியன் ஆராயவில்லை.

ஏழையும் எடுத்துக்கொண்டு பழைய வீட்டில் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பெயர் பெயராகப் பார்த்தார். இவன் பெண் கல்யாணத்துக்கு நான் பந்தல்கால் ஊன்றினேன். இவனுக்கு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் காவல் இருந்தேன். ஆறு புத்தகத்திலும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு விரல்கூட உள்ளே போகவில்லை. கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். வீச்சம் போகவில்லை.

ஏழாவது புத்தகம் மட்டும் படிக்கப்பட்டிருந்தது. ஓரங்கள் மடங்கி, முதுகு தளர்ந்து, நடுவே ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாகச் செருகியிருந்தது. முதல் பக்கத்தில் 'மாப்பிள்ளை சின்னண்ணனுக்கு' என்று இருந்தது. வெண்ணந்தூரில் இருக்கும் அவருடைய மனைவியின் தம்பி. மணியனுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. ஒருத்தனாவது.

பிறகுதான் நீல மையைப் பார்த்தார்.

தன் அப்பாவைப் பற்றி, 'அய்யனுக்கு மக்கள் மூன்று பேர்' என்று அவர் எழுதியிருந்தார். 'மூன்று' என்பதை அடித்து, மேலே 'நான்கு' என்று எழுதியிருந்தது. பஞ்ச காலத்தில் அய்யன் ஊருக்கே சோறு போட்டார் என்ற இடத்தில், ஓரமாக: 'சோறில்லை. கம்பங்கூழ். அதுவும் கூலிக்குப் பதிலாக.' நாற்பத்து நான்காம் பக்கம். 'ஆத்தா, மக்கள் அனைவரும் சூழ்ந்திருக்க நிம்மதியாக உயிர் நீத்தார்.' அதன் கீழ் சிறிய, நேரான எழுத்தில்: 'நான் வாசல் வரைக்கும் வந்தேன். கதவைச் சாத்தியது மணியண்ணன்.'

எழுத்து யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அதே சிலேட்டில் இருவரும் எழுதப் பழகியவர்கள்.

அங்காளம்மாள். அவருடைய தங்கை. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்த ஜலகண்டாபுரத்து நெசவுக்காரர் மகனோடு போனவள். மறுநாள் காலையில் அய்யன் ஊர் பார்க்கக் கிணற்றில் இறங்கித் தலைமுழுகினார். செத்தவளுக்குச் செய்வது போல. அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுத்ததில்லை. எடுக்க மணியன் விட்டதில்லை.

சின்னண்ணனுக்குப் போன் போட்டார்.

"சொல்லுங் மச்சான்! வியாழக்கெழமைக்கு முந்துன நாளே வந்துரோணுமாக்கும்?"

"உன்ற புஸ்தகம் பேப்பர் கடைக்கு எப்படிப் போச்சு?"

மறுமுனையில் இருமல். "அட, மருமவ தனப்பிரியா ஊடு கூட்டறேன்னு பரண்ல இருந்ததையெல்லாம் வாரிப் போட்டுட்டா. நான் கவனிக்கலீங் மச்சான். ஆனா ஒண்ணு, வீணாப் போகல. அங்காளு எடுத்துட்டுப் போயி முழுசாப் படிச்சுட்டுத்தான் திருப்பிக் குடுத்தா."

"எவ?"

"அட, உங்க... சரி உடுங். கரண்டு போயிருச்சு, அப்பறம் கூப்புடறனுங்." போனுக்குக் கரண்டு எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் மணியன் வெள்ளை வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டு, புத்தகத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். காரில் போனால் டிரைவருக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரிந்தால் டீக்கடைக்குத் தெரியும். சேலத்தில் இறங்கி ஜலகண்டாபுரத்துக்கு வேறு பஸ் மாறினார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் வாந்தியெடுத்தான். மணியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எடுத்துக்கொண்ட காரியத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. போய் இரண்டே கேள்வி கேட்க வேண்டும்: எவனுக்குக் கொடுத்த புத்தகத்தில் எவள் எழுதுவது? தலைமுழுகிவிட்ட வீட்டைப் பற்றி உனக்கென்ன பேச்சு?

விசைத்தறிகள் இரு பக்கமும் தடதடக்கும் சந்தில், 'வாத்தியார் வீடு' என்று கேட்டதுமே ஒரு பெண் கையைக் காட்டினாள். கதவு திறந்துதான் இருந்தது.

முன்னறையில், சன்னலை ஒட்டி, ஒரு பழைய லாரி சீட்டை மரச்சட்டத்தில் பொருத்திப் போட்டிருந்தார்கள். அதன் மேல் நாலைந்து பழஞ்சேலைகளைச் சேர்த்துத் தைத்த மெத்தை. சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பல்பு, சரியாகத் தோளுக்கு மேலே. கைக்கெட்டும் உயரத்தில் தண்ணீர்ச் செம்பு, கண்ணாடி துடைக்க ஆணியில் ஒரு துணி, நூலக முத்திரை குத்திய ஆறு புத்தகங்கள். சீட்டின் நடுப்பகுதி ஓர் ஆளின் அளவுக்கு அமுங்கிப் பழகியிருந்தது. அந்த அமுக்கத்தில் ஒரு நரைத்த கிழவி காலை மடக்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தறிச் சத்தத்திலும் பக்கத்தைத் திருப்பும் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டது போலிருந்தது.

குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று மணியன் பார்த்தார். கிடைக்கவில்லை. அது அவரை இன்னும் எரிச்சலாக்கியது.

கிழவி நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்கண்ணா. அழைக்க வந்தீங்களா, சண்டைக்கு வந்தீங்களா?"

மணியன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இது என்ன வேலை?"

"திருத்தியிருக்குது. முப்பது வருசம் அவருகூட உக்காந்து பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க நோட்டு திருத்துனவ. தப்பக் கண்டா கை நிக்காது."

"என்ற அய்யனப் பத்தி எழுத நீ யாரு?"

"அதுதான் மூணில்ல, நாலுன்னு எழுதியிருக்கறேனே."

"அய்யன் உன்னையத் தலைமுழுகிட்டாரு. அய்யன் சொல்லுக்கு நான் கட்டுப்பட்டவன். ஆத்தா கெடந்தப்பவும் அய்யன் சொன்னாரு, கதவச் சாத்துனேன். அதுல என்ற குத்தம் என்ன இருக்குது?"

அங்காளம்மாள் அவரையே பார்த்தாள். கோபம் இல்லை. சோற்றில் பூச்சி கண்டவள் தட்டை நகர்த்துகிற மாதிரி ஒரு பார்வை.

"அய்யன் செத்தது எப்பண்ணா?"

மணியன் வாயைத் திறந்தார்.

"முப்பத்தொண்ணாம் பக்கத்துல போட்டிருக்கீங்க. எம்பத்தாறு, ஆடி. ஆத்தா செத்தது தொண்ணூத்து மூணு. அதுவும் நீங்க எழுதுனதுதான். அய்யன் போயி ஏழு வருசங் கழிச்சு யாருண்ணா உங்ககிட்ட வந்து கதவச் சாத்தச் சொன்னது?"

பக்கத்துத் தறி நூல் அறுந்து நின்றது. திடீரென்று சந்து அமைதியானது. நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அவர் எழுதியவை. தேதிகளைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்து எழுதியவர். ஆனால் அந்த இரண்டு தேதிகளை ஒன்றாக வைத்து ஒரு நாளும் பார்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக, கதவைச் சாத்திய தன் கையின் மேல் செத்துப்போன அய்யனின் கையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். யாருக்கு? கேட்டவர்கூட யாருமில்லை.

வாயில் கசப்பு ஊறியது. நேற்றிலிருந்து ஊர் முழுவதன் மேலும் வந்துகொண்டிருந்த அதே குமட்டல்தான். இப்போது திருப்பிவிட வேறு முகம் கிடைக்கவில்லை.

தறி மறுபடி ஓடத் தொடங்கியது.

"வியாழக்கெழம குடிபோறோம்," என்றார். அதைச் சொல்வோம் என்று அவருக்கே தெரியாது. "நீயும் வா."

"வெத்தல பாக்கு எங்க?"

அவரிடம் இல்லை. நெருங்கிய சொந்தத்தை வீட்டுப் பெரியவர் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும். அந்த முறையை ஒன்பதாம் பக்கத்தில் விரிவாக எழுதியவர் அவர்தான்.

"வேண்டாமுண்ணா," என்றாள் அவள். "அந்தப் புஸ்தகத்த ஊட்டுக்கு நடுவுல வெளக்குப் போட்டு வெக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். அது நிக்கற ஊட்டுல என்னால ஒரு வாய் தண்ணி குடிக்க முடியாது. அருவருப்பா இருக்குது. நான் அதுல இல்லீங்கறதுக்காகச் சொல்லல. ஆத்தாவ நிம்மதியாச் செத்தாள்னு எழுதுனீங்க பாத்தீங்களா, அதுக்கு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "உங்களுக்குக் காப்பி போடலாம். குடிக்கமாட்டீங்க. பதினொண்ணே முக்காலுக்குச் சேலம் பஸ்ஸு இருக்குது."

அவள் தலை கவிழ்ந்து பக்கத்தைத் திருப்பினாள். மணியன் திறந்த கதவு வழியாக வெளியே வந்தார்.

வியாழக்கிழமை. பால் காய்ச்சி, பூஜை முடிந்து, உறம்பரை புது வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கியது. படிக்கிற மூலைக்கு வந்ததும் எல்லோரும் போனை எடுத்தார்கள். பெண்கள் ஊஞ்சலில் ஒவ்வொருவராக உட்கார்ந்து, கையில் ஆளுக்கொரு முழுப் புத்தகத்தைத் தலைகீழாகவோ நேராகவோ பிடித்துப் படமெடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி மேல்தட்டிலிருந்து ஒன்றை உருவப் பார்த்து, வராமல், நகம் பெயர்ந்து கத்தினாள். மணியன் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

நடுவில் இருந்த மரத்தாங்கி காலியாக இருந்தது. விளக்கு மட்டும் எரிந்தது.

"மச்சான், உங்க புஸ்தகம் எங்கீங்?" என்று சின்னண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான். "செவச்செவன்னு வெக்கப்போறீங்கன்னாங்களே?"

வசந்தாமணி அவசரமாக, "அட்டைக்குப் பளபளப்பு ஏத்தக் குடுத்திருக்குதுங்," என்றாள்.

"இல்ல," என்றார் மணியன். முதுகை நிமிர்த்திக்கொண்டார். "நாந்தான் எடுத்துப் போட்டுட்டேன். அதுல பொய்யி எழுதியிருந்தேன்."

போன்கள் தாழ்ந்தன. தீனதயாளன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "அப்பா, எதுக்குங் இப்ப..."

"நீ சும்மா இரு. எங்கய்யனுக்கு மக்கள் மூணு பேருன்னு எழுதியிருந்தேன். நாலு பேரு. அங்காளம்மான்னு எனக்கொரு தங்கச்சி இருக்கறா. ஜலகண்டாபுரத்துல. ஆத்தா சாகக் கெடந்தப்ப வாசல்ல வந்து நின்னா. நாந்தான் கதவச் சாத்துனேன். எங்கய்யன் சொல்லல. நானாத்தான்."

ஊர் முகத்தில் காறித் துப்பும் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகத்தான் நின்றார். யாரும் திடுக்கிடவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊஞ்சலில் இருந்த சித்தி ஒருத்தி மெதுவாக, "அங்காளத் தெரியாதுங்களா," என்றாள். "போன மாசங்கூட என்ற மவளுக்குச் சீலை எடுக்க அவ ஊட்டுக்குத்தான் போனோம்." இன்னொருவர் தலையாட்டினார். "நல்ல காப்பி போடுவா."

மணியன் மகனைப் பார்த்தார். தீனதயாளன் தரையைப் பார்த்தான்.

"நீயுமா?"

"அத்த புள்ள கல்யாணத்துக்குப் போனனுங்ப்பா. இருவது வருசமாச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா வைவீங்கன்னு..."

இத்தனை வருஷம் அவர் சாத்திக் காத்து நின்ற கதவு அது. அத்தனை பேரும் பின்பக்கமாகப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஆனால் மணியனின் மனதில் அப்போது முள்ளாகத் தைத்தது வேறொன்று. அங்காளம்மாளுக்கு ஒரு பெண். அவளுக்குக் கல்யாணம். அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் இவர்.

"தாய்மாமன் சீரில்லாமயா அந்தப் புள்ளயத் தாரை வாத்தாங்க?" என்று கத்தினார். "மேக்காட்டு வீட்டுப் பொண்ணு பெத்த புள்ளய, ஒண்ணுமில்லாதவ மாதிரி மணவறையில உக்கார வெச்சாங்களா? தூ! நீ போயிருக்கற, வாயில சோத்த அள்ளிப் போட்டுட்டு வந்திருக்கற!"

"சீரு வெச்சதுங் மச்சான்," என்றான் சின்னண்ணன். கேலி போன குரலில், தயங்கித் தயங்கி. "தாய்மாமன் நிக்கற எடத்துல ஆளில்லாம வாத்தியாரு முழிச்சுட்டு நின்னாரு. நாந்தான் தலையில உருமாலை கட்டி நின்னேன். பட்டுச் சீலையும் ஒரு சோடி வளையலும். என்ற சக்திக்கு."

"யாரு பேரச் சொல்லிக் குடுத்த?"

"என்ன மச்சான் கேக்கறீங்? மேக்காட்டு வீட்டு மணியன்னுதான். நாலு பேரு கேக்கச் சத்தமாச் சொன்னேன்."

மணியன் அவனைப் பார்த்தார். தன் புத்தகத்தைப் பரணில் எறிந்தவன். ஒரு வரி படிக்காதவன். தோளிலிருந்த துண்டை இழுத்து வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். பெரியவருக்கு ஹோமப் புகை ஒத்துக்கொள்ளவில்லை போல என்று யாரோ சொன்னார்கள். சின்னண்ணன் மட்டும் நகராமல் பக்கத்திலேயே நின்றான். மற்றவர்கள் பந்திக்குப் போனார்கள்.